வார சம்பளத்துல குடும்பம் நடத்திக்கிட்டே கடனை அடைக்கிறது எப்படி? முழுமையான வழிகாட்டி

கடன் அடைக்கணும்னு யார்கிட்ட போய் கேட்டாலும் முதல்ல சொல்றது "செலவைக் குறைங்க"ன்னு தான். நல்ல சம்பளம் வர்ற வீட்டுக்கு அது சரி. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போய் வாரம் 5,700 கொண்டு வர்ற வீட்டுல குறைக்க என்னங்க இருக்கு, பாலை நிறுத்தலாம், பிள்ளைக்கு முட்டையை நிறுத்தலாம், மிஞ்சிப் போனா மாசம் 700, 800 மிச்சம் ஆகும், ஆனா அதே வீட்டுல மூணு வட்டிக்கு வாங்கின 50,000-க்கு மாசாமாசம் 1,500 வட்டியா மட்டும் போய்க்கிட்டு இருக்கும், அசல்ல ஒரு ரூபா குறையாது. அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான். முதல்ல வட்டியைக் குறைங்க. பிள்ளை சாப்பாட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க.

திருப்பூர் கணக்கை வச்சே சொல்றேன். இங்க சனிக்கிழமை சம்பளம், லைன் வீடு (வரிசையா ஒட்டிக் கட்டின வாடகை வீடு), தண்டல் (தினமும் வந்து வசூல் பண்ற கடன்), குழுக்கடன், அடகு நகை எல்லாமே ஒரே வீட்டுல இருக்கும். மாச சம்பளம் வாங்குறவங்களுக்கும் முறை இதே தான், தேதி மட்டும் மாறும்.

ஸ்டெப் 1: எல்லாக் கடனையும் ஒரே நோட்டுல எழுதுங்க

வீட்டுல ரெண்டு பேரும் உக்காந்து எழுதணும், இது முக்கியம். அவருக்குத் தெரியாம இவங்க குழுவுல வாங்கினது இருக்கும், இவங்களுக்குத் தெரியாம அவர் கம்பெனில அட்வான்ஸ் வாங்கினது இருக்கும், ஏதாவது ஆப்ல எடுத்தது இருக்கும். அன்னைக்கு சண்டை வந்தாலும் பரவாயில்ல, எல்லாம் வெளிய வரட்டும். ஒவ்வொரு கடனுக்கும் யார்கிட்ட வாங்கினது, எழுதின தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, இன்னும் பாக்கி எவ்வளவு, மாசம் எவ்வளவு போகுது, அவங்ககிட்ட நாம என்ன கொடுத்து வச்சிருக்கோம், இத்தனையும் எழுதுங்க. கடைசியா சொன்னதைத் தான் நிறைய பேர் விட்டுடுவாங்க. வெத்து புரோநோட்டு, கையெழுத்து போட்ட வெத்து செக், ஏடிஎம் கார்டு, வண்டி ஆர்சி புக், எது போயிருந்தாலும் எழுதி வைங்க.

ஒரு உதாரணக் குடும்பத்தை எடுத்துக்குவோம். வாரம் 5,700, நாலு வாரத்துக்கு 22,800. தண்டல் இன்னும் 40 நாள் பாக்கி, தினம் 100. தெரிஞ்சவர்கிட்ட மூணு வட்டிக்கு 50,000. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடன் மாசம் 2,000, இன்னும் 10 தவணை. ஃபோன் இஎம்ஐ 1,200, இன்னும் 5 மாசம். பேங்க்ல 3 பவுன் நகை 70,000-க்கு இருக்கு, அதுக்கு வட்டி மாசக் கணக்குல 600. மளிகைக் கடை பாக்கி 3,500, அக்காகிட்ட கைமாத்து 10,000. மாசம் கடனுக்கே 8,300 போகுது. மீதி 14,500-ல வாடகை 4,000, மளிகை காய்கறி 5,000, பால் 900, பள்ளிக்கூடம் 1,000, பெட்ரோல் பஸ் 800, கேஸ் 500, ரீசார்ஜ் 400, கரண்ட் 300, மருந்து மத்தது 600, ஆக 13,500. கையில நிக்கிறது 1,000 ரூபா. ரேஷன் அரிசி, 100 யூனிட் இலவச கரண்ட், டவுன் பஸ்ல பொம்பளைங்க காசு கொடுக்காம போறது எல்லாம் சேர்ந்து தான் இந்த அளவுக்காவது நிக்குது.

ஸ்டெப் 2: எல்லா வட்டியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வாங்க

ஒருத்தர் "மூணு வட்டி"ன்னு சொல்வார், பேங்க்ல "9 பர்சென்ட்"னு சொல்வாங்க, தண்டல்காரர் வட்டின்னு ஒரு வார்த்தை கூட சொல்ல மாட்டார். கேக்குறவங்களுக்கு மூணு சின்னது, ஒன்பது பெருசுன்னு தோணிடுது. மூணு வட்டின்னா 100 ரூபாய்க்கு மாசம் 3 ரூபா, வருஷத்துக்கு 36%. பேங்க் சொல்றது வருஷத்துக்கே 9%. நாலு மடங்கு வித்தியாசங்க. அஞ்சு வட்டின்னா 60%, பத்து வட்டின்னா 120%.

தண்டலைப் பாருங்க. 10,000 எழுதி 1,500 பிடிச்சிட்டு 8,500 கையில கொடுப்பாங்க, 100 நாள் தினம் 100 கட்டணும். 1,500 தானேன்னு நினைப்போம், ஆனா அந்த 8,500-ம் 100 நாளும் நம்ம கையில இருக்கிறதில்ல, முதல் நாள்ல இருந்தே திருப்பிக் கொடுத்துட்டே இருக்கோம், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா வருஷத்துக்கு ஏறக்குறைய 120% வருது.

பிளாட் வட்டியும் (முதல்ல வாங்கின முழுத் தொகைக்கே கடைசி வரைக்கும் போடுற வட்டி) இதே மாதிரி தான் ஏமாத்தும். "12% பிளாட், ரெண்டு வருஷம்"னு சொல்றது நாம கட்டக் கட்டக் குறையுற அசலுக்குப் பார்த்தா 21.6%. எந்த இடத்துல கடன் வாங்கினாலும் குறையுற அசலுக்கு எத்தனை பர்சென்ட்னு கேளுங்க. பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி எல்லாம் எல்லா செலவையும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் பேங்க் (ஆர்பிஐ) விதி இருக்கு, 2024 அக்டோபர்ல இருந்து சில்லறைக் கடன் எல்லாத்துக்குமே உண்டு. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க.

கிரெடிட் கார்டு வச்சிருக்கிறவங்க "மினிமம் டியூ" கட்டிட்டா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. மீதிக்கு மாசம் மூணு மூணரை பர்சென்ட் வட்டி ஓடும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, புதுசா வாங்குற பொருளுக்கும் அன்னையில இருந்தே வட்டி. மூணு வட்டிக்காரர்கிட்ட வாங்குறதும் இதுவும் ஒண்ணு தான், பேப்பர் மட்டும் பளபளன்னு இருக்கும்.

ஸ்டெப் 3: எதை முதல்ல அடைக்கணும்

பொதுவா அதிக வட்டி உள்ளதை முதல்ல அடைங்கன்னு சொல்வாங்க, அது சரி தான், ஆனா ஒரு இடத்துல மட்டும் இது செல்லாது. தண்டலுக்கு வட்டியை முன்னாடியே பிடிச்சிட்டாங்க. பாக்கி 4,000-ஐ இன்னைக்கே கொண்டு போய் கட்டினாலும் தள்ளுபடின்னு ஒண்ணும் பெருசா கிடைக்காது. அதனால அது பாட்டுக்கு தினம் 100 கட்டி முடியட்டும். நீங்க செய்ய வேண்டியது, முடியுறதுக்கு 10 நாள் முன்னாடி "புதுசா போட்டுக்கலாமா அக்கா"ன்னு அவங்க கேக்குறப்போ வேண்டாம்னு சொல்றது. அது தான் கஷ்டம். அந்த நேரம் பார்த்து ஸ்கூல் ஃபீஸ் வரும், ஊர்ல திருவிழா வரும். அதுக்குத் தான் ஸ்டெப் 6.

மூணு வட்டிக் கடன் தான் உண்மையான எதிரி, அது தானா முடியவே முடியாது, வட்டி கட்டிக்கிட்டே பத்து வருஷம் ஓடின வீடெல்லாம் இருக்கு. குழுக்கடனும் ஃபோன் இஎம்ஐயும் தவணை முடிஞ்சா தானா நிக்கும். அக்கா கைமாத்துக்கு வட்டி இல்ல, ஆனா மரியாதை இருக்கு, அவங்களைப் பார்த்து "இத்தனாம் மாசம் தர்றேன்"னு நேரா சொல்லிடுங்க, சொல்லாம ஒளியுறப்போ தான் உறவு கெடுது.

ஸ்டெப் 4: பெரிய வட்டியை சின்ன வட்டிக்கு மாத்துங்க

இந்த வழிகாட்டில இது தான் முக்கியமான இடம், நிதானமா படிங்க.

50,000-க்கு மூணு வட்டில வருஷம் 18,000 போகுது. அதே 50,000 பேங்க் நகைக்கடனா இருந்தா 10%-னு வச்சாலும் 5,000. வருஷம் 13,000 மிச்சம், ஒரு வேளை பாலைக் கூட நிறுத்தாம. ஏற்கனவே பேங்க்ல இருக்கிற 3 பவுனுக்கு 70,000 தான் வாங்கியிருக்கோம், தங்கம் விலை ஏறினதால அதே நகைக்கு இன்னும் கிடைக்கும். அதனால அதை 1,20,000-ஆக்கி, வர்ற 50,000-ஐ வீட்டுக்குக் கூட கொண்டு வராம நேரா வட்டிக்காரர்கிட்ட கொடுத்து புரோநோட்டை வாங்கிடுறது. பணம் ஒரு ராத்திரி வீட்டுல தங்கினாலும் அதுக்கு வேற வேலை வந்துரும்.

இதுல கவனிக்க வேண்டியது சிலது இருக்கு. நகைக் கடன்லயும் எல்லாம் ஒண்ணு இல்ல, பேங்க்லயும் கூட்டுறவு சங்கத்துலயும் தான் வட்டி கம்மி, தனியார் கம்பெனில 12-ல இருந்து 24% வரைக்கும் போகும், கிராமுக்கு 200 ரூபா கூடக் கிடைக்குதுன்னு அங்க போயிடாதீங்க. சில பேங்க்ல அதே நகை மேல கூடுதல் கடன் தர மாட்டாங்க, முழுசா மீட்டு மறுபடி வைக்கச் சொல்வாங்க, அதுக்காக ஒரு நாள் வட்டிக்கு வெளிய 70,000 புரட்டினா அந்த ஒரு நாளே ஆயிரக்கணக்குல தின்னுடும். போறதுக்கு முன்னாடியே மேனேஜரைப் பார்த்து டாப்அப் உண்டா, அசல்ல கொஞ்சம் கொஞ்சமா கட்டினா ஏத்துக்குவீங்களான்னு ரெண்டு கேள்வி கேளுங்க. ரெண்டரை லட்சத்துக்குள்ள கடன்னா நகை மதிப்புல 85% வரைக்கும் கொடுக்கலாம்னு 2025 ஜூன்ல ஆர்பிஐ விதி போட்டிருக்கு, அதுக்காக 85-ம் வாங்காதீங்க, தேவைக்கு மட்டும் வாங்குங்க. இன்னொன்னு, லைன் வீடு மாறினா பேங்க்ல அட்ரஸும் ஃபோன் நம்பரும் மாத்துங்க. ஏலத்துக்கு முன்னாடி நோட்டீஸ் அனுப்புவாங்க, அது பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து நகை ஏலம் போன பிறகு தெரிஞ்சா அழுது பிரயோஜனம் இல்ல.

தள்ளுபடி வரும்னு காத்திருக்கிற பழக்கத்தையும் விடுங்க. 2021-ல கூட்டுறவு சங்கங்கள்ல 5 பவுன் வரைக்கும் தள்ளுபடி வந்துச்சு, உண்மை தான், ஆனா அதுக்கே எத்தனையோ நிபந்தனை போட்டு நிறைய பேர் பட்டியல்ல இல்லாமப் போனாங்க. வந்தா சந்தோஷம், அதை நம்பி வட்டியை ஏற விடாதீங்க.

நகை இல்லாதவங்களுக்கு? மகளிர் சுய உதவிக் குழுவுல சேர்ந்து பேங்க் மூலமா வர்ற கடனைப் பாருங்க, வீடு தேடி வந்து கொடுக்குற மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடன் வேற, இது வேற, வட்டி நல்லாவே கம்மி. ஏற்கனவே பதிவு பண்ணின சீட்டு போட்டிருந்தா, அதை எடுத்து மூணு வட்டியை அடைக்கலாம், ஆனா எவ்வளவு தள்ளி (கழிச்சு விட்டு) எடுக்குறோம்னு பார்த்துத் தான் செய்யணும். ஒரு லட்சம் சீட்டை 30,000 தள்ளி எடுத்தா அதுவும் பெரிய வட்டி தான். எதுவுமே வழி இல்லன்னா வட்டிக்காரர்கிட்டயே பேசுங்க: "அண்ணா, வட்டி மட்டும் கட்டிட்டே இருக்கேன், அசல்ல 5,000, 5,000-மா வாங்கிக்கிட்டு அதுக்குத் தகுந்த மாதிரி வட்டியைக் குறைச்சுக்கோங்க". ஒத்துக்கிட்டா ஒவ்வொரு தடவையும் புரோநோட்டு பின்னாடி எழுதி கையெழுத்து வாங்குங்க. ஒத்துக்கலன்னா போஸ்ட் ஆபீஸ்ல தனி கணக்குல சேர்த்து வச்சு ஒரே தடவையா முடிங்க.

ஸ்டெப் 5: சனிக்கிழமை ராத்திரியே பணத்தைப் பிரிங்க

வார சம்பளத்துல ஒரு சிக்கல், வாடகை மாசத்துக்கு ஒரு தடவை, இஎம்ஐ ஒரு தடவை, ஆனா பணம் நாலு தடவை சின்னச் சின்னதா வருது, அதனால கடைசி வாரம் மொத்தமும் வாடகைக்கே போயிடுது, அப்போ தான் தண்டல் கண்ணுக்குத் தெரியுது. இதுக்கு வழி, ஒவ்வொரு சனிக்கிழமையும் வாடகைக்கு 1,000, குழுவுக்கு 500, ஃபோனுக்கு 300, நகை வட்டிக்கு 250 (கடன் 1,20,000 ஆன பிறகு மாசம் 1,000) எடுத்து தனித்தனி கவர்ல போட்டுடறது. நகை வட்டியை வருஷ முடிவுல பார்த்துக்கலாம்னு விடுறது தான் பெரிய தப்பு, வருஷம் 12,000 ஒரே நாள்ல எந்தக் கூலி வீட்டுலயும் இருக்காது.

மளிகையை வாராவாரம் கைக்காசுக்கு வாங்குங்க, பாக்கி நோட்டு இருக்கிற கடைல விலை கேக்க நமக்கே வாய் வராது. பாக்கியை முதல்ல முடிங்கன்னு சொல்றது அதனால தான்.

அஞ்சாவது சனிக்கிழமையைப் பத்தி யாரும் பேசுறதில்ல. வருஷத்துக்கு 52 வாரம், மாசத்துக்கு நாலுன்னு கணக்குப் போட்டா 48 தான். வருஷத்துல நாலு மாசம், சில வருஷம் அஞ்சு மாசம், அஞ்சு சனிக்கிழமை வரும். அந்த சம்பளத்துல வாடகை கிடையாது, இஎம்ஐ கிடையாது. அந்த வார சாப்பாட்டுக்கு 1,500 எடுத்துட்டு மீதி 4,200 அப்படியே அசலுக்கு. காலண்டரை எடுத்து இன்னைக்கே வட்டம் போட்டு வைங்க. தீபாவளி போனஸும் இப்படித் தான், சட்டப்படி குறைஞ்சது 8.33% உண்டு, பாதி துணிமணிக்கு, பாதி அசலுக்குன்னு முன்கூட்டியே பேசி வைங்க.

மொய்யையும் கணக்குல சேருங்க. மொய் நோட்டை எடுத்து நமக்கு யார் எவ்வளவு வச்சாங்கன்னு பார்த்து, வர்ற வைகாசி, ஆவணில யார் வீட்டு விசேஷம் வரும்னு குறிச்சு வைங்க. வாங்கின மொய்யைத் திருப்பி வைக்கணும், அது கடமை. ஆனா கடன் முடியுற வரைக்கும் வாங்கினதுக்கு மேல வைக்க வேண்டியதில்ல.

ஸ்டெப் 6: கடன் இருக்கும்போதே 10,000 கையிருப்பு

36% வட்டி ஓடுறப்போ சேமிப்பு எதுக்குன்னு கேப்பாங்க. வட்டியை மாத்தி, மளிகைப் பாக்கியை முடிச்ச பிறகு முதல்ல இதைத் தான் சேர்க்கணும், அசலைக் கூட அப்புறம் பாருங்க. காய்ச்சல்ல ஒரு வாரம் வேலைக்குப் போகலன்னா மறுபடி தண்டல் தான். ஆர்டர் இல்லாம ரெண்டு ஷிஃப்ட் குறைஞ்சாலும் அதே தான், 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% வரி போட்டப்போ திருப்பூர் எப்படித் தவிச்சதுன்னு எல்லாரும் பார்த்தோம். இந்த 10,000-ஐ வீட்டுல வைக்காதீங்க, ஜிபே இல்லாத ஒரு கணக்குல, வீட்டம்மா பேர்ல போடுங்க.

கணக்கு எப்படி ஓடும்

வட்டியை மாத்தினதும் 1,500 மிச்சம், நகை வட்டி 400 கூடும், ஏற்கனவே நின்ன 1,000-ஐயும் சேர்த்தா மாசம் 2,100 கையில. ரெண்டாவது மாசம் மளிகைப் பாக்கி முடியும், தண்டலும் நிக்கும், மூணாவது மாசத்துல இருந்து 5,100. நாலாவது மாசம் 10,000 கையிருப்பு நிறையும். ஆறாவது மாசம் ஃபோன் இஎம்ஐ இல்ல, 6,300. பதினோராவது மாசம் குழுக்கடன் இல்ல, 8,300. எல்லாத்தையும் நகைக்கடன் அசல்லயே போட்டா ஒரு வருஷத்துல 56,000 குறையும், 20 மாசத்துல 3 பவுனும் வீட்டுக்கு வரும். அஞ்சாவது சனிக்கிழமைப் பணத்தையும் சேர்த்தா 17 மாசம். அதுக்கு அடுத்து அக்காவோட 10,000. சம்பளம் ஒரு ரூபா கூடல, பாலும் முட்டையும் நிறுத்தல.

இடையில ஒரு காதுகுத்து, ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா மூணு நாலு மாசம் தள்ளும். தள்ளட்டும், புதுக் கடன் வாங்காம தள்ளினா போதும்.

ஸ்டெப் 7: கட்ட முடியாத மாசம் வந்தா

ஒளியாதீங்க, தேதிக்கு முன்னாடியே போய் சொல்லுங்க. மைக்ரோ ஃபைனான்ஸ் வசூலுக்கு வர்றவங்க காலை 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் கூப்பிடவோ வரவோ கூடாது. ரெண்டு தடவை தொடர்ந்து தவணை கட்டுற சென்டருக்கு நீங்க வராம இருந்தா தான் வீட்டுக்கே வரலாம். முன்கூட்டியே முழுசா கட்டினா அபராதம் போடக் கூடாது, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாச வருமானத்துல பாதியைத் தாண்டுற மாதிரி கடன் கொடுக்கவும் கூடாது. இதெல்லாம் 2022 ஆர்பிஐ விதி. மத்த பேங்க், ஃபைனான்ஸ் வசூல் ஆளுங்களுக்கு காலை 8 மணில இருந்து சாயங்காலம் 7 மணி வரைக்கும் தான் அனுமதி. மீறினா முதல்ல அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கொடுங்க, 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), நம்பர் 14448.

கந்துவட்டி, மீட்டர் வட்டி மாதிரி அநியாய வட்டியைத் தடுக்க 2003-லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு, மூணு வருஷம் வரை ஜெயில், 30,000 வரை அபராதம். மிரட்டி வசூல் பண்றதைத் தடுக்க 2025-ல தனியா ஒரு சட்டமும் வந்திருக்கு. தனியா ஸ்டேஷனுக்குப் போக பயமா இருந்தா 15100-க்கு கூப்பிடுங்க, இலவச சட்ட உதவி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு கூட பார்க்க மாட்டாங்க. லோன் ஆப்ல ஃபோட்டோவை மார்ஃப் பண்ணுவோம், காண்டாக்ட்ல இருக்கிறவங்களுக்கு அனுப்புவோம்னு மிரட்டினா பணம் அனுப்பாதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு சைபர் க்ரைம் நம்பர் 1930-க்கு சொல்லுங்க.

2017 அக்டோபர்ல திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கந்துவட்டிக் கொடுமை ஒரு குடும்பத்தையே பலி வாங்குச்சு. எந்தக் கடனும் உங்க உயிருக்கு ஈடு இல்லங்க. ராத்திரி தூக்கம் வராம தப்பான யோசனை வந்தா 14416-க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி நம்பர், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

ஸ்டெப் 8: முடிச்ச கடனை முழுசா முடிங்க

கைக்கடன்னா கடைசிப் பணத்தைக் கொடுக்குற அதே நிமிஷம் புரோநோட்டையும் செக்கையும் கையில வாங்குங்க, "வீட்டுல இருக்கு, நாளைக்குத் தர்றேன்"னா பணத்தையும் நாளைக்கே கொடுங்க. ஏடிஎம் கார்டு கொடுத்திருந்தா வாங்கின கையோட பின் நம்பரை மாத்துங்க. பேங்க், ஃபைனான்ஸ்ல பாக்கி இல்லன்னு என்ஓசி வாங்குங்க, அக்கவுண்ட்ல ஆட்டோ டெபிட் நின்னுச்சான்னு பாருங்க. "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்"னு கூப்பிட்டா, வேற வழியே இல்லன்னா மட்டும் ஒத்துக்கோங்க, ஏன்னா சிபில்ல (நம்ம கடன் வரலாறைப் பதிவு பண்ற நிறுவனம்) அது "செட்டில்டு"ன்னு பதிவாகும், "க்ளோஸ்டு"ன்னு வராது, அடுத்து பேங்க்ல கேக்குறப்போ தடங்கல் ஆகும். ஒத்துக்கிட்டாலும் லெட்டர் கையில வந்த பிறகு தான் பணம். ரெண்டு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். முடிச்ச கடன் இன்னும் பாக்கின்னு காட்டினா என்ஓசியை வச்சு அங்கேயே புகார் போட்டு திருத்த சொல்லலாம். குழுக்கடன்ல மத்தவங்க கடனுக்கு நீங்க ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா அதுவும் எந்த நிலைல இருக்குன்னு அப்பவே கேட்டு நோட்டுல எழுதிக்கோங்க.